சேதி சொல்லாத ரிசெப்டர்

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உடம்புக்குள் இருக்கும் ஒரு புரதத்தைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று படித்தவர்கள் கேட்கலாம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குத்தாலம் பக்கம் எங்களுக்கு விவசாயம். சில வருடங்களாக எனக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே வந்த டாக்டரம்மா, "அடுத்த தடவை வெறும் வயித்துல வந்து ரத்தம் கொடுங்க. அப்பவும் குறையலைன்னா இன்சுலின் ஊசிதான்" என்று சொல்லியிருந்தார். மாட்டுக்கு ஊசி போடும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் நான்.

மனைவியோடு மயிலாடுதுறைக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். முடிவைப் பார்த்த டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். ஒரு தாளில் வட்டம் போட்டு, அதன் விளிம்பில் சின்னச் சின்னக் கொம்புகள் வரைந்தார்.

"இது உங்க உடம்புல ஒரு செல். இந்தக் கொம்புதான் ரிசெப்டர், ஒரு புரதம். இன்சுலின் வந்து இதுல உக்காந்தா, இது உள்ளே சேதி சொல்லும். சர்க்கரை உள்ளே போகக் கதவு திறக்கும். உங்களுக்கு இன்சுலின் வருது, உக்காருது. சேதிதான் சரியாப் போகல."

ஆற்றில் தண்ணீர் வந்தும் மடை தூர்ந்துபோன வயல்தான் எனக்கு ஞாபகம் வந்தது. புரிந்தது என்று தலையை ஆட்டினேன்.

"அப்ப ஊசி எதுக்குங்க?" என்றாள் மனைவி.

"இன்சுலின் அதிகமாப் போனா, சேதி கொஞ்சமாவது எட்டும்."

"சத்தமாச் சொன்னாக் கேக்கும்ங்கிறீங்க. இவுங்களும் அப்படித்தாங்க. நாலு தடவை கத்தணும்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஊசி மருந்து எழுதப் பேனாவை எடுத்தார். "வெறும் வயித்துலதானே வந்தீங்க?"

"ஆமாங்க. தண்ணி மட்டும் குடிக்கலாம்னீங்க, அதான் குடிச்சேன்."

"ஒரு சொம்பு நீராகாரம்" என்றாள் மனைவி.

பேனா நின்றது. "பழைய சோத்துத் தண்ணியா?"

"சோத்தைத் தொடலைங்க. தண்ணியை மட்டும் வடிச்சேன்" என்றேன்.

"கையை விட்டு நல்லாப் பிசைஞ்சுட்டு வடிச்சாங்க" என்று போட்டுக்கொடுத்தாள் மனைவி.

"ஐயோ, அது சோறு கரைஞ்ச தண்ணிங்க!" என்றார் டாக்டரம்மா.

எங்கள் பக்கம் நீராகாரம் சாப்பாட்டுக் கணக்கில் வராது. அதைக் குடித்துவிட்டு வயலுக்குப் போன ஆளைப் பற்றி, 'பாவம், இன்னும் ஒன்றும் சாப்பிடவில்லை' என்றுதான் பேசுவோம்.

"நாளைக்கு வாங்க. பச்சைத் தண்ணி மட்டும்தான். அதைப் பார்த்துட்டு ஊசியா, மாத்திரையான்னு சொல்றேன்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "ஒரு நாள் தப்பிச்சீங்க."

மறுநாள் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். சர்க்கரை குறைந்திருந்தது, ஆனால் போதவில்லை. ஊசி ஆரம்பித்தார்கள். போடுவதற்கு மனைவி கற்றுக்கொண்டாள்.