கல்லில் இடம் காணாது

"...அவ்வளவு பேரையும் வெட்டுறதெண்டா இந்த மனுசனுக்குக் கல் காணாது, ஒரு மலைதான் வேணும்," என்றார் அக்கா, மொப் தடியில் நாடியை ஊன்றிக்கொண்டு.

திங்கட்கிழமைகளில் பலெர்மோ அருங்காட்சியகம் பூட்டு. ரோமர் காலத்துக் கல்லறைக் கற்கள் வைத்திருக்கும் கூடத்தை அன்றுதான் நாங்கள் இருவரும் கழுவுவோம். அக்கா மன்னாரிலிருந்து வந்தவர், எனக்குச் சொந்த அக்கா இல்லை. பல வருடமாக ஒரே வாளியில் துணி நனைக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது. அவருடைய கணவர் மாரியில் இறந்துபோனார். சேமக்காலையில், கல்லறைச் சுவரில் பொந்து போன்ற ஓர் அறைக்குள் சவப்பெட்டியை வைத்து அடைத்தாயிற்று. அதை மூடுகிற பளிங்குக் கல் மட்டும் பாக்கி. கபோச் சந்தைப் பக்கம் கல் செதுக்குகிற இத்தாலியருக்குத் தமிழ் தெரியாது. எழுதிக் கொடுப்பதைப் படம் மாதிரிப் பார்த்து அப்படியே வெட்டுவார். அன்று மாலைக்குள் வாசகத்தைக் கொடுக்கவேண்டும்.

கனடாவிலிருந்து கணவரின் தமையன் அனுப்பிய வாசகம் அக்காவின் போனில் இருந்தது. எங்கள் மரண அறிவித்தல்களில் வருகிற அதே நடை. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரனும், இன்னாரின் மைத்துனரும், சகலனும், பெரியப்பாவும்... பத்திரிகைக்குச் சரி. கல்லோ ஒரு தலையணை அளவு.

"ஒரு பேர் விட்டாலும் கோவிப்பினமாம். எழுத்தைச் சின்னனாக்கச் சொல்லுகினம்," என்றார். "என்ரை கண்ணுக்கு அது எறும்பு ஊருற மாதிரித்தான் தெரியும். ஞாயிறு ஞாயிறாய்ப் போய் நிண்டு பாக்கப்போறது நான்தானே."

நான் ஒரு கல்லின் அடியில் தூசி தட்டினேன். கால் உளைந்தது. இது முடிந்தால் எனக்கு மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீடும் கழுவக் காத்திருந்தது.

"இதிலை என்ன எழுதிக் கிடக்கு?" என்று அக்கா அந்தக் கல்லைக் காட்டிக் கேட்டார்.

பக்கத்தில் ஒட்டியிருந்த இத்தாலிய விளக்கத்தை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். இறந்தவர்களின் ஆவித் தெய்வங்களுக்கு ஒரு வணக்கம். பிறகு கணவனின் பெயர், அவன் வாழ்ந்த ஆண்டுகள். மனக்குறை ஒன்றும் இல்லாமல் அவனோடு வாழ்ந்த மனைவி வைத்த கல்.

"மனக்குறை இல்லாமலோ?" அக்கா சிரித்தார். "பொய்க்காரி. நாங்களெண்டா உப்புக்கும் சண்டை, புளிக்கும் சண்டை."

"அதையும் எழுதிக் குடுங்கோவன், அக்கா."

"குடுக்கலாம். சகலன்மாருக்கே இடம் காணாது, சண்டைக்கு எங்கை போறது." பிறகு குனிந்து கல்லைப் பார்த்தார். "இவையின்ரை மச்சான்மார், மாமன்மார் ஒருத்தரும் இதிலை இல்லையோ?"

"இல்லை. அவனும் அவளும்தான்."

"கடைசி நாளுகளிலை ஆசுப்பத்திரியிலை நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள்," என்றார்.

அக்காவின் போன் அடித்தது. கனடாத் தமையன். அவருக்கு அக்கா மறுத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. அவருடைய அழைப்பென்றால் வேலைக்கு நடுவிலும் கையைத் துடைத்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டுதான் எடுப்பார்.

அன்று கையைத் துடைத்தார், போனை எடுக்கவில்லை. அது அடிக்க அடிக்க மேலங்கிப் பைக்குள் போட்டார். மூலையில் கிடந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, என்னிடம் பேனை வாங்கி, முழங்காலில் வைத்துப் பெரிய பெரிய எழுத்தாக எழுதத் தொடங்கினார்: கணவரின் பெயர், அவருடைய ஊர், அதன் கீழே தன் பெயர்.