அஞ்சலையின் நடை

எங்கள் டாக்டர், சர்க்கரை நோயாளிகளின் சீட்டில் மாத்திரையோடு 'தினமும் அரை மணி நேரம் நடை' என்றும் எழுதுவார். அவர்களைக் காலையில் பள்ளி மைதானத்தில் சேர்த்து நடக்க வைப்பது நர்ஸான என் பொறுப்பு.

உப்பளத்தில் வேலை செய்யும் அஞ்சலை மட்டும் ஒரு நாளும் வரவில்லை. மாத்திரை வாங்க வந்தவரிடம், "நடக்கச் சொன்னா வர்றதில்ல. மாத்திரைக்கு மட்டும் வந்துடுற. இவ்ளோ சோம்பேறித்தனமா?" என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன்.

"நாளைக்கு வர்றேங்க சிஸ்டர்" என்றார்.

மறுநாள் வந்தார். மூன்றாவது சுற்றில் அவர் நடந்த தடமெங்கும் ரத்தப் பொட்டுகள். சர்க்கரையில் கால் மரத்துப்போனதால் அவருக்கே அது தெரியவில்லை. உட்கார வைத்துப் பார்த்தேன். குதிகால் வெடிப்பு பிளந்து, உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது.

"செருப்பு போடக் கூடாதா?"

"செருப்போட பாத்தியில எறங்குனா உப்பு அழுக்காயிடும்னு திட்டுவாங்க சிஸ்டர். நாலு மணிக்கே எறங்கிட்டேன். நீங்க கோச்சிக்குவீங்கன்னு பாதியில ஓடியாந்தேன்." கட்டுப் போடும்போது தயங்கிக் கேட்டார்: "உப்பு வார்றப்போ முன்னயும் பின்னயும் நடந்துட்டேதான இருக்கேன். அதெல்லாம் நடையில சேராதுங்களா?"

இரண்டு வருடமாக அவருக்கு மாத்திரை கொடுக்கிறேன். காலைக் காட்டச் சொன்னதே இல்லை.

மன்னிப்புக் கேட்டேன். ஆனால், மைதானத்திலிருந்து எல்லாரும் கிளம்பிப் போகும்வரை காத்திருந்துதான் கேட்டேன்.