கருப்பா இருந்தாலும்

2008-இல் சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதி அறையில் நாங்கள் நான்கு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போய்விடும். மெஸ் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பாயை விரித்துப் பகடை உருட்டுவோம். அறைத்தோழி ஒருத்தியின் அண்ணன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு அது. போர்டும் கிடையாது, காயும் கிடையாது. அவள் கதையை நடத்துவாள். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, கதவைத் திறக்கிறேன், வாளை உருவுகிறேன் என்று வாயாலேயே வாழ வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

ஆரம்பிக்கும் முன் அவரவர் பாத்திரம் பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும். ஒருத்தி பச்சைக் கண் என்றாள். இன்னொருத்தி முட்டிவரை முடி என்றாள்; நிஜத்தில் அவளுக்கு எலிவால். யாரும் சிரிக்கவில்லை. என் முறை வந்தது.

"வில் வீராங்கனை. நல்ல கருப்பு. பேரழகி."

கதை நடத்துகிறவள் எல்லோருக்கும் திருப்பிச் சொன்னாள்: "இவ வில் வீராங்கனை. கருப்பா இருந்தாலும் அழகு."

"நான் 'இருந்தாலும்'னு சொல்லவே இல்லயே?"

"ரெண்டும் ஒண்ணுதானடி."

ஒன்றா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம்தான் கடலூரில், முதுநகர் தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வெயிலில் வந்தவர்களுக்கு அப்பா ஓடிப்போய்க் கலர் வாங்கிவந்தார். ஆளுக்கொரு பாட்டில் குடித்து முடித்துவிட்டு மாப்பிள்ளையின் அத்தை சொன்னாள்: "பொண்ணு கருப்பா இருந்தாலும் களையாத்தான் இருக்கு. எங்க பையன்தான் கொஞ்சம் கலர் ஜாஸ்தியா எதிர்பாக்கறான்." போனவர்கள் போனவர்கள்தான். அந்த மகராசன் மட்டும் என்னவாம்? கடலில் வலை இழுத்து என்னைவிடக் கருத்தவன். அவனுக்கு யாரும் 'இருந்தாலும்' போடவில்லை. அன்று சாயங்காலம் அம்மா கடலை மாவைப் பாலில் குழைத்து என் முன்னால் வைத்தாள்.

அந்த ஒரு சொல் இல்லாமல் ஒரே ஒரு தடவை அழகாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்டது. உடம்பே இல்லாத ஒருத்திக்குக்கூடவா அது கிடைக்காது?

"அந்த வார்த்தைய எடு. இல்லன்னா நான் வரல" என்று எழுந்துவிட்டேன்.

"சரி தாயே, எடுத்தாச்சு. உக்காரு."

உட்கார்ந்தேன். அடுத்த சில வாரங்கள் பாலத்தைக் காத்தேன், ராட்சசனின் கண்ணில் அம்பு விட்டேன். சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

பரீட்சைக்கு முந்தைய ஞாயிறு அவள் கதையை முடித்தாள். கதையில் வரும் ராணி எல்லோருக்கும் பரிசு கொடுத்தாள். ஒருத்திக்குக் குதிரை, இன்னொருத்திக்குக் கோட்டை. என்னிடம் வந்தபோது கதை நடத்துகிறவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. ரொம்ப நாளாக யோசித்து வைத்திருக்கிறாள்.

"உனக்குத்தான்டி ஸ்பெஷல். ராணி உன்னக் குளத்துல முங்கச் சொல்றாங்க. நம்ம கோயில் குளத்துல முங்குன ராஜா தங்கமா எழுந்தாரே, அந்த மாதிரி. நீ வெளிய வர்றப்ப அப்படியே செவப்பா, பளபளன்னு..."

மற்ற இருவரும் கை தட்டினார்கள். எலிவால்காரி என்னைக் கட்டிக்கொண்டாள். நிஜமான பாசம். கேலி என்றால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இவர்களை என்னவென்று திட்டுவது?

"இப்பத் திருப்தியா?" என்று கதை நடத்தியவள் கேட்டாள்.

"தேங்க்ஸ்டி" என்றேன்.