யோகா தூக்கிய தட்டம்

புளூ மவுண்டன்ஸுக்கு ஒருநாள் பயணம் போவோம், அங்கே யப்பான் முறையில் ஒரு சுடுதண்ணிக் குளியல் இருக்கிறது, மூட்டுநோவுக்கு நல்லது என்று கோயில் பெண்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் முதலில் எழுதியது யோகாதான். பதினொரு பேர் உடனே சம்மதித்தார்கள். யோகாவுக்கு மூட்டுநோவு கிடையாது. குளிக்கிற எண்ணமும் கிடையாது. அவளுக்கு வேண்டியதெல்லாம் அந்த இடத்தின் இணையப்பக்கத்தில் நாலாவதாகப் போட்டிருந்த விதி ஒன்றுதான்: தண்ணீரில் இறங்குமுன் நகைகள் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் என்றால் தாலிக்கொடியையும்தான். பன்னிரண்டு பவுணில், சேலைக்கு வெளியே எடுத்துவிட்டபடி, சம்மதித்தவர்களில் ஒருவரான இரத்தினசிங்கம் அன்ரியின் கழுத்தில் கிடக்கிற தாலிக்கொடியையும்தான்.

யோகா பழிவாங்குகிற ஆள் மாதிரி இருக்கமாட்டாள். செவன் ஹில்ஸில் ஹோட்டல் துணி தோய்க்கிற தொழிற்சாலையில் பத்து வருடமாக வேலை. ஈரத் துண்டுகள் நிறைந்த கூடைகளைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய கைகள். வெள்ளிக்கிழமை கோயிலில் யார் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பாத்திரம் கழுவுவாள். கழுத்தில் மெல்லிய ஒரு தாலி, நெற்றியில் குங்குமம். பதினாறு வருடத்துக்கு முன், ஊரில் சண்டை முடிந்த வைகாசியில், ஆமிக்காரரிடம் பெயர் பதிந்துவிட்டு வாறன் என்று வரிசையில் போன அவள் புருஷன் சுதர்சன் திரும்பி வரவில்லை. செத்தான் என்று சொல்ல ஒரு கடதாசி இல்லை. அவுஸ்திரேலியாவில் எந்தப் படிவம் கொடுத்தாலும் யோகா 'திருமணமானவர்' என்ற பெட்டியில்தான் கோடு போடுவாள். அதை அடித்துத் திருத்த எந்த அதிகாரிக்கும் மனம் வந்ததில்லை.

திருத்தியது இரத்தினசிங்கம் அன்ரி. ஆறு வருடத்துக்கு முன், அன்ரியின் மகள் வினுஷாவின் கலியாணத்தில். கலியாணப் பொம்பிளை மண்டபத்துக்குள் வரும்போது முன்னால் தட்டம் தூக்க ஒன்பது பெண்கள் தேவைப்பட்டது, எட்டுப் பேர்தான் இருந்தார்கள். யாரோ யோகாவின் கையில் பழத்தட்டத்தைக் கொடுத்தார்கள். நாலு அடி வைத்திருப்பாள். அன்ரி குறுக்கே வந்து, முந்நூறு பேர் பார்த்திருக்க, தட்டத்தில் கை வைத்தார்.

"தட்டத்தை வைச்சிடும் பிள்ளை. நீர் தூக்கவேண்டாம். நல்ல காரியம்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாரும் என்பதுபோலச் சொன்னார். அந்த ஒரு வாயால் சுதர்சனைக் கொன்று, எரித்து, சாம்பல் அள்ளிக் காடாத்தியும் முடித்தாயிற்று. யோகா வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நின்று நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தாள். அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக மனதுக்குள் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டாள்.

மலைக்குப் போகிற பஸ்ஸில் அன்ரிதான் முன் சீற். வினுஷா பக்கத்தில் இருந்து பாட்டுப் போட்டாள். எல்லாருக்கும் வடை போனது. யோகா வடையை மென்றபடி அன்ரியின் பின்கழுத்தில் மின்னிய கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கு மிகச் சுலபம். கழற்றமாட்டேன் என்றால், குளிரில் வெளியே குந்தியிருந்து மற்றவர்கள் சிரித்துக் குளிப்பதைக் கேட்கவேண்டும். கழற்றினால், பதினொரு பெண்கள் முன்னால் வெறுங்கழுத்தோடு நிற்கவேண்டும். எது நடந்தாலும் யோகாவுக்குச் சந்தோசம்தான்.

குளியல் வீடு ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பில் இருந்தது. மரத்தொட்டிகளில் ஆவி பறந்தது. தண்ணீர் மலைக்கு அடியிலிருந்து வருகிறதா, பொயிலரிலிருந்து வருகிறதா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. வாசலில் நின்ற யப்பான்காரப் பெண் சிரித்தபடி விதிகளைச் சொன்னாள். முதலில் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும், பிறகுதான் தொட்டி. நகை கூடாது. யோகா அன்ரியைப் பார்த்தாள்.

"இதுக்கென்ன," என்றார் அன்ரி. "அங்கிள் வீட்டில கிரிக்கெட் பாத்துக்கொண்டு கல்லுக்குண்டாட்டம் இருக்கிறார். குளிச்சிட்டுப் போட்டால் போச்சு."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கழற்றினார். சுருட்டினார். மற்றப் பெண்களும் அதைப் பார்த்துத் தங்கள் தங்களுடையதைக் கழற்றிக் கைப்பைகளுக்குள் வைத்தார்கள். யோகா மட்டும் நான் குளிக்கேல்லை என்றாள்.

"ஏன் பிள்ளை?"

"நான் தாலி கழட்டுறேல்லை அன்ரி."

"அப்ப நல்லதாப் போச்சு. இதை வைச்சிரும். லொக்கரை நம்பேலாது." கொடியை யோகாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அன்ரி உள்ளே போய்விட்டார்.

யோகாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு வருடம் பொறுத்து, மூன்று மாதம் திட்டம் போட்டு, கடைசியில் அவள் காவல்காரி. அன்ரிக்குத் தாலி ஒரு நகை! கழற்றலாம், போடலாம். யோகாவின் கழுத்தென்று வந்தபோதுதான் அது சாத்திரம், சம்பிரதாயம், நல்ல காரியம்.

அவள் வெளி விறாந்தைக் கம்பி ஓரம் போய் நின்றாள். கீழே பள்ளத்தாக்கு, மரம், மேலும் மரம். கையை நீட்டினாள். பன்னிரண்டு பவுணும் விரலில் தொங்கியது. விட்டால் போதும். கைதவறிப் போச்சுது அன்ரி என்று சொல்லலாம். உள்ளே தொட்டியில் அன்ரியின் சிரிப்புக் கேட்டது. யோகா வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு கையை இழுத்துக்கொண்டாள். பாவம் பார்த்து அல்ல. தொலைத்தால் அது களவாகும், விபத்தாகும், அன்ரிக்கு அழ ஒரு காரணமாகும். யோகாவுக்கு வேண்டியது அதுவல்ல.

குளித்து முடித்தவர்கள் பருத்தி அங்கிகளோடு இளைப்பாறும் அறைக்கு வந்து சுவரோரம் இருந்தார்கள். முகமெல்லாம் சிவந்து, எல்லாருக்கும் பத்து வயது குறைந்திருந்தது. யப்பான்காரப் பெண் கறுப்புத் தட்டமொன்றில் தேநீர்க் கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அன்ரிக்கு எங்கே போனாலும் தன் வீடுதான். எழுந்து தட்டத்தைத் தூக்கினார்.

யோகா போய்த் தட்டத்தில் கை வைத்தாள்.

"தட்டத்தை வைச்சிடுங்கோ அன்ரி. நீங்கள் தூக்கவேண்டாம். நல்ல காரியம்."

அன்ரி சிரித்தார். "என்ன பிள்ளை, பகிடியே?"

"பகிடி இல்லை. கழுத்தில ஒண்டும் இல்லையே. அதுதான்."

அன்ரியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "என்ன கதை இது? ஆர் உமக்கு இப்பிடிச் சொல்லித் தந்தது?"

"நீங்கள்தான். வினுஷாவின்ர கலியாணத்தில."

"நானோ? எப்ப?"

யோகா அந்த முகத்தைத் துருவிப் பார்த்தாள். நடிப்பில்லை. மனிசிக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை. ஆறு வருடம் அவளை உறங்கவிடாத சொல், சொன்ன வாயில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது.

"அம்மா, யூ டிட்," என்றாள் வினுஷா மூலையிலிருந்து. தலையை நிமிர்த்தவில்லை. "நான் பின்னால வந்தனான். கண்டனான். ஐ ஆம் சொறி, யோகா அக்கா. நான் அண்டைக்கே சொல்லியிருக்கவேணும்."

அன்ரி மகளைப் பார்த்தார், மற்றப் பெண்களைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு எதிர்மூலைக்கு ஒதுங்கினார். "என்ர கொடியைத் தாரும்," என்றார் சின்னக் குரலில்.

யோகா கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். அவசரப்படவில்லை. வெறுந்தட்டத்தின் நடுவில் தாலிக்கொடியை வளைத்து வைத்தாள். இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சளவில் பிடித்து, அறையைச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். அன்ரி நின்றது எதிர்மூலையில். வழியில் பெண்கள் இருந்தார்கள்.

முதலில் இருந்தவர் எழுபது வயது மனிசி. எத்தனை கலியாணம் பார்த்தவர். தாலி வைத்த தட்டம் தன் முன்னால் வந்ததும் கை தன்பாட்டில் நீண்டது. தாலியைத் தொட்டார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். யோகா ஒரு கணம் நின்றாள். அடுத்தவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டார். அதற்கடுத்தவரும். கடைசியாக வினுஷா தொட்டாள்.

யோகா அன்ரியின் முன்னால் வந்து நின்றாள்.

"எடுங்கோ அன்ரி."

அன்ரி எடுக்கவில்லை. வேறு யாராவது எடுத்துத் தருவார்களா என்று பார்த்தார். யோகாவுக்கு அவசரமில்லை. ஈரத் துணிக்கூடை தூக்குகிற கைகள், பொழுதுபடும்வரை வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு நிற்கும்.

"என்ர கைதான் அன்ரி. எடுங்கோ."

அன்ரி எடுத்தார்.