தறிச் சத்தத்துக்குள் படித்த வேதம்

ஞானஸ்நானம் எடுத்து வருஷங்கள் ஆகியும் என்னால் வேதத்தை ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. அந்தத் தவிப்பை ஆண்டவர் எப்படித் தீர்த்தார் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

எழுத்து தெரியும். ஆனால் வாய்விட்டுப் படித்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும். மனதுக்குள் படித்தால் கண் வரியில் ஓடும், மனசு சோற்றுப் பானைக்கு ஓடும். சூலூரில் எங்கள் வீடு ஒரே அறை. கணவருக்கு இரவு ஷிப்ட். காலையில் நான் வாயைத் திறந்தால், "மனசுக்குள்ள படிக்கக் கூடாதா அம்மணி, இப்பத்தான் கண்ணு அசந்துச்சு" என்பார். அவரையும் குறை சொல்ல முடியாது. ராத்திரி அவர் கிளம்பிய பிறகு புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தூக்கம் சொக்கும்.

சபையில் மற்றவர்கள் படித்ததைப் பேசும்போது, கல்யாண வீட்டில் பந்திக்கு வெளியே நிற்பதைப் போலிருக்கும். "ஆண்டவரே, எனக்கு ஓர் அமைதியான இடம் கொடுங்கள்" என்று அழுது ஜெபித்தேன். வீடு மாறுவோம் என்றுகூட எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

போன ஆடி மாதம், நான் வேலை செய்யும் விசைத்தறிக் குடோனில் டீ நேரம். ஒருவர் டீ குடிக்கப் போனால் பக்கத்துத் தறிக்காரர் அவர் தறியையும் பார்த்துக்கொள்வது எங்கள் பழக்கம். என் தறியைச் சரஸ்வதி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோயிலுக்குப் போகிறவர். ஏதோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். இங்கே வாய்விட்டுப் படித்தால் யாருக்குக் கேட்கப் போகிறது? அந்த நினைப்பு வந்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அமைதியான இடம் கேட்ட எனக்கு ஆண்டவர் இதைத்தான் காட்டினார்.

மறுநாளிலிருந்து டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, தறிக்குப் பின்னால் உட்கார்ந்து உரக்கப் படித்தேன். திக்கினேன். தெரியாத சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். விளங்காததை ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் கேட்டேன்.

ஒரு நாள், ஒரு விதவையின் ஒரே மகனைப் பாடையில் தூக்கிப் போகும் இடத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். சட்டென்று கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் நின்றன. என் குரல் மட்டும் குடோன் முழுக்கக் கேட்டது. படிப்பதை நிறுத்திவிட்டேன்.

சரஸ்வதி அக்கா தறியை விட்டு வந்தார். அவருடைய ஒரே பையன் கோபித்துக்கொண்டு திருப்பூருக்குப் போனவன். போன்கூடப் பண்ணுவதில்லை.

"ஏன் கண்ணு நிறுத்திப்போட்ட? அந்தப் பையன் அவங்கம்மாவுக்குத் திரும்பக் கெடைச்சானா?"

"கெடைச்சானுங்க அக்கா, உசுரோட."

"அப்ப அதப் படி."

படித்தேன். கரண்ட் வந்த பிறகும் அக்கா நகரவில்லை. காதை என் வாயருகே கொண்டுவந்தார். அன்றைக்கு எங்கள் இருவர் தறியையும் மற்றவர்கள்தான் பார்த்துக்கொண்டார்கள்.

அக்காவின் மகன் இன்னும் வரவில்லை. அவனுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். நான் நுழையாத பக்கங்களும் இன்னும் எத்தனையோ இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் ஏக்கம் மட்டும் தீரவே வேண்டாம். நேரமில்லை, இடமில்லை, புரியவில்லை என்று வேதத்தை மூடி வைத்திருப்பவர்களே, ஆண்டவரிடமே கேளுங்கள். நீங்கள் நினைத்த இடத்தை அவர் கொடுக்காமல் போகலாம். ஆனால் கொடுப்பார்.

இப்போதெல்லாம் டீ நேரம் வந்தால், தறிக்குப் பின்னால் சாக்கை விரித்து எனக்கு இடம் போட்டு வைப்பது சரஸ்வதி அக்காதான்.