நிமிர்ந்த வால் ஒன்றுகூட இல்லை

க்ளோவிஸ் ஓக்வானுக்குப் பதினேழு வயது. பத்தாம் வகுப்பில் அவன் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டானா, பள்ளிக்கூடம் அவனைக் கைவிட்டதா என்பதில் இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போது பாயூ என்கிற சேற்று ஓடையின் ஓரத்துப் படகுத்துறையில், கொடுக்கு வைத்த நன்னீர் இறாலான கிராஃபிஷை மூட்டை மூட்டையாகத் தராசில் ஏற்றி இறக்குகிறான். மூட்டையை ஒருமுறை தூக்கினால் போதும், எடையைச் சொல்லிவிடுவான். தான் செய்யப்போகும் காரியத்தின் விளைவு எவ்வளவு கனக்கும் என்று மட்டும் அவனுக்கு ஒருநாளும் சொல்ல வந்ததில்லை.

பக்கத்து வீட்டுத் தபால் பெட்டிக்குள் தவளை வைத்திருக்கிறான். பாதிரியாரின் படகு மோட்டாரில் வாத்துச் சத்தம் போடும் ஊதலைக் கட்டிவிட்டிருக்கிறான். ஊர் அதையெல்லாம் மன்னித்துவிட்டது. அம்மாவின் பூட்ஸ் விஷயம் அப்படி இல்லை.

அம்மா அர்லீன், நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் சமையல் செய்கிறாள். பதினாலு நாள் அங்கே, பதினாலு நாள் வீட்டில். போன தடவை அவள் கிளம்பிய காலையில், அவளுடைய வேலைப் பூட்ஸுக்குள் உயிருள்ள கிராஃபிஷ் ஒன்றை விட்டுவைத்தான். வாசலிலேயே காலை நுழைத்துத் துள்ளுவாள், இருவரும் சிரிப்பார்கள் என்பது திட்டம். அவளோ செருப்போடு போய்விட்டாள், பூட்ஸைப் பைக்குள் திணித்துக்கொண்டு. ஹெலிகாப்டர் ஏறும் இடத்தில் பை சோதிக்கிற ஆள் பூட்ஸுக்குள் கையை விட்டார். அவருக்கு அந்த வேலையில் இருபது வருஷ அனுபவம். கிராஃபிஷுக்கு அதுதான் முதல் பயணம். இருந்தும் கிராஃபிஷே ஜெயித்தது. அர்லீனுக்கு எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது.

அன்று போனில் அவள் கத்தவில்லை. "இனிமே நீ எனக்குத் தண்ணி குடுத்தாகூட மோந்து பாத்துட்டுதான்டா குடிப்பேன்" என்றாள்.

அதற்குப் பிறகு பேச்சு சுருங்கிவிட்டது. நாய்க்குச் சோறு போட்டாயா, அடுப்பை அணைத்தாயா, அவ்வளவுதான். போனை வைக்கும்போது எப்போதும் 'ஷா' என்பாள். அந்த ஊரில் கண்ணே, ராஜா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அது நின்றுபோனது. க்ளோவிஸ் அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. பதினாறு நாளில் ஒன்பது அழைப்பு, ஒன்பதிலும் ஷா இல்லை என்பது ஏதோ தற்செயலாகத் தெரியவந்தது.

பதினாறு நாள் ஆனதற்கு மூடுபனி காரணம். வியாழக்கிழமை கிளம்ப வேண்டிய ஹெலிகாப்டர் எழும்பவில்லை. மறுநாள் பெரிய வெள்ளி. இறைச்சி தொடாத நாள். முற்றத்துக்கு முற்றம் அண்டா ஏற்றிக் கிராஃபிஷ் அவிக்கும் நாள். அர்லீன் பிறந்ததிலிருந்து அதைத் தவறவிட்டதே இல்லை. காலையில் கூப்பிட்டு, "எனக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பியா?" என்றாள். எடுத்து வை என்று சொல்லியிருக்கலாம். கேள்வியாகக் கேட்டாள். அந்தக் கேள்வி நாள் முழுக்க அவன் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

அம்மாவின் அண்ணன் நோலன்தான் ஞானஸ்நானத்தில் அவனைக் கையில் ஏந்தியவர். ஞானத்தகப்பனை அந்த ஊரில் பராங் என்பார்கள். அவர் வீட்டு முற்றத்தில்தான் அன்று அண்டா. நீள மேசையில் செய்தித்தாளை விரித்து, உருளைக்கிழங்கும் மக்காச்சோளமுமாகச் சிவக்கச் சிவக்கக் கொட்டினார்கள். எல்லோரும் குனிந்தார்கள். க்ளோவிஸ் மட்டும் ஒரு பையை வைத்துக்கொண்டு மேசையைச் சுற்றிச்சுற்றி வந்தான்.

"எதையாவது தொலைச்சிட்டியாடா?" என்று கேட்டார் பராங். இல்லை என்று சொல்லி, அவர் கைக்கு எட்டுமுன் ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டான்.

சனிக்கிழமை பனி விலகியது. மதியத்துக்குள் வந்துவிடுவதாக அம்மா சொன்னாள். மிச்சக் கிராஃபிஷை எப்படிச் சூடாக்குவது என்று க்ளோவிஸ் ஊரைக் கேட்டான். அதுதான் முதல் தவறு. ஆவியில் ஐந்து நிமிடம் என்றார் பராங். ஓடு உரித்து வெண்ணெயில் வதக்கச் சொன்னாள் அவர் மனைவி. ஃபாயிலில் சுற்றி ஓவனில் வை என்றார்கள் படகுத்துறையில். மைக்ரோவேவில் வைப்பவன் வீட்டுக்குச் சம்பந்தம் பேசக்கூடாது என்பதில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது.

"என்ன வேணா பண்ணு, திரும்ப மசாலா மட்டும் போட்றாத. அது ராத்திரி பூரா ஊறிக் கெடக்கு" என்றார் பராங்.

அவன் தட்டு வைத்த ஆவிப் பானையை முறையாகத்தான் அடுப்பில் ஏற்றினான். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தான். ஃபிரிட்ஜ் வாசனை வந்தது. அவன் மனதில் இருந்த படம் வேறு: அம்மா காரை விட்டு இறங்குகிறாள், வாசலிலேயே பெரிய வெள்ளியின் வாசனை அவளை எதிர்கொண்டு அழைக்கிறது. ஃபிரிட்ஜ் வாசனை யாரையும் எதிர்கொண்டு அழைக்காது.

அலமாரியில் மிளகாய்ச் சாறு பாட்டில் இருந்தது. முற்றத்து அண்டாவுக்கே பாட்டில் மூடியால் நாலு மூடி தாராளம். அவன் ஒரு மூடி ஊற்றினான். வாசனை வரவில்லை. தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை என்பது பாவம் அவனுக்குத் தோன்றவில்லை. இன்னொரு மூடி ஊற்றினான். பதினாறு நாள் ஆண்களுக்கு மாட்டிறைச்சி வறுத்துப் போட்டவள், இந்த வாசனைக்கு ஏங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பாக்கியையும் கவிழ்த்தான். ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

தண்ணீர் கொதித்தது.

வீட்டிலேயே அறிவாளி நாய் ஷெரீஃப்தான். அது முதலில் வெளியேறியது. க்ளோவிஸ் இருமினான், தும்மினான், இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியும் என்று கண்டுபிடித்தான். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தான், ஜன்னல்களைத் திறந்தான், பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவந்தான். அதுவரைக்கும்கூட ஒரு மாதிரி சமாளித்திருந்தான். பிறகு பாட்டில் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்தான்.

கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. பார்க்க முடியவில்லை.

அர்லீன் பையோடு அப்படியே நின்றாள். எல்லா ஜன்னலும் திறந்து கிடக்கிறது. நாய், முற்றத்து ஓரம் நின்ற லாரிக்கு அடியில். மகன் முழங்காலிட்டுக் கண்ணீர் வடிக்கிறான், பக்கத்தில் மூடிய பானை. காற்று திரும்பியதும் அவளுக்கும் இருமல் பிடித்துக்கொண்டது.

"பானைக்குள்ள என்ன?"

"கிராஃபிஷ்."

"உயிரோடவா?"

"ம்மா, சத்தியமா இல்ல. நேத்து எடுத்து வெச்சது. உன் பங்கு."

"நீயே திற." அவள் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள். இதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம் என்று க்ளோவிஸுக்குத் தோன்றியது. தடவித் தடவி மூடியை எடுத்தான்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றை எடுத்து வாலைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு கையை விட்டு அடிவரை துழாவினாள்.

அண்டாவில் போடும்போதே செத்துக் கிடந்ததற்கு வால் நிமிர்ந்திருக்கும். உயிரோடு விழுந்ததற்கு உள்ளே சுருண்டிருக்கும். நிமிர்ந்த வாலை அந்த ஊரில் யாரும் தொடமாட்டார்கள். அதனால் யார் வீட்டு மிச்சப் பையைத் திறந்தாலும் நிமிர்ந்த வாலும் விரல் நீளப் பொடிசுகளும்தான் கிடக்கும். இந்தப் பானையில் ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொரு வாலும் இறுகச் சுருண்டிருந்தது.

"மேசையில நீ சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

"என்ன சாப்ட்ட?"

க்ளோவிஸ் கொஞ்சம் யோசித்தான். "மக்காச்சோளம்."

அவள் பையைக் கீழே வைத்தாள். புல்லில் உட்கார்ந்து, ஒன்றைத் திருகி உரித்து வாயில் போட்டாள். வெகுநேரம் மென்றாள். கண்ணிலும் மூக்கிலும் நீர் கொட்டியது.

"பள்ளிக்கூடத்து ரப்பர் மாதிரி இருக்கு" என்றாள். அடுத்ததை உரித்தாள்.

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, தடுக்கி விழாமல் போய்க் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துவந்து நீட்டினான். முகராமலே மடமடவென்று குடித்தாள். மூக்கு அடைத்திருந்தவள் முகர்ந்து என்ன பயன் என்று க்ளோவிஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அழுறியாடா?"

"மிளகா."

"உள்ள போய்ப் பாலை ஊத்திக் கையக் கழுவு" என்றாள், ஏழாவதை உரித்தபடி. "கண்ணத் தொடாத, ஷா."

அவன் உடனே தொட்டான்.