முதல் நாள் தண்ணீர் எங்கிருந்து வந்தது?

குணநாயகம் மாஸ்ரர் இறந்த செய்தி எனக்கு மூன்று விதமாக வந்தது. பாரிஸ் லாச்சப்பல் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைத்தொலைபேசியில் ஒரு தகவல்: ஆஸ்பத்திரியில் காலமானார். நான் சொன்னதும் கடைக்காரர் தலையை ஆட்டினார். "இல்லையக்கா, பஸ்ஸுக்குள்ளையாம்." வெளியே வந்தால், எங்கள் பாடசாலைப் பெற்றோர் ஒருவர் நித்திரையிலேயே போய்விட்டார் என்றார். அழுகைக்கு முன் எனக்கு வந்தது மாஸ்ரரின் கேள்விதான்: "அது உமக்கு எப்பிடித் தெரியும்?" அவருடைய மனைவி மனோ அக்காவுக்கு எடுத்துக் கேட்டேன். காலைத் தேநீரைக் குடித்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே போயிருக்கிறார். அதைக் கேட்ட பிறகுதான் அழுதேன்.

அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கண்டது, கேட்டது, நினைத்தது மூன்றையும் குழைத்துச் சாப்பாடாக்கக் கூடாது என்பது அவருடைய கட்டளை. இதிலும் அப்படிச் செய்தால் எழும்பி வந்து திருத்துவார்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் நான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். அவரிடம் பெரிய வகுப்பு. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிற வயதுப் பிள்ளைகள். சரித்திரம் படிப்பிக்கச் சொன்னார்கள். அவர் அரசர்களை விட்டுவிட்டு, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களை எடுத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் காணி போதாமல், குளத்துக்குக் கீழே அரசாங்கம் கொடுத்த காட்டைத் தேடிப் போன குடும்பங்கள். ஏன் இவர்கள் என்று நான் கேட்டேன். "காட்டுக் கரையிலை இருக்கிற சனத்துக்கு ஒண்டும் ஆயத்தமா இராது, ரீச்சர். எல்லாத்தையும் முதல்தரம் செய்யவேணும். அதாலை கேள்வி கேக்க நல்ல இடம். அதோடை அந்த ஆக்களிலை கனபேர் இஞ்சை பஸ் போற தூரத்திலை இருக்கினம்."

அப்படிக் குடியேறிய ஒரு பெரியவரைப் பார்க்கப் பிள்ளைகள் முதலில் பாரிஸ் புறநகரான ஸ்தேனுக்குப் போய் வந்த நாள் நினைவிருக்கிறது. முகங்கள் தொங்கிப் போயிருந்தன. "உங்கடை வாழ்க்கை எப்பிடி இருந்தது?" என்று கேட்டார்களாம். "சரியான கஷ்டம் பிள்ளை" என்று சொல்லி, பெரியவர் பிஸ்கட் கொடுத்து அனுப்பிவிட்டார். மாஸ்ரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நீங்கள் கேட்டது பேச்சுப்போட்டிக் கேள்வி. அதுக்குப் பேச்சுப்போட்டி மறுமொழிதான் வரும். போன முதல் நாள் குடிக்கத் தண்ணி எங்கையிருந்து வந்தது எண்டு கேளுங்கோ."

அடுத்த கிழமை போன பிள்ளைகளை அந்தப் பெரியவர் பின்னேரம் முழுக்க விடவில்லை. குளத்துத் தண்ணீரை வேட்டித் துணியில் வடித்தது, யானை வந்து பீப்பாவைக் கவிழ்த்தது, சுடவைத்த தண்ணீரிலும் சேற்று மணம் போகாதது எல்லாம் வந்தன. வடித்த துணியில் என்ன மிஞ்சியது என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டபோது மாஸ்ரரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அவருக்கே பிள்ளை பிறந்ததுபோல் இருந்தார்.

வில்லங்கம் ஆண்டு மலரோடு வந்தது. பாடசாலைத் தலைவர் சிவகுரு அண்ணை, தங்கள் வன்னிக் குடியேற்றத்தின் முதல் ஆள் தன்னுடைய தகப்பன்தான் என்று எழுதித் தந்தார். அதே குடியேற்றத்தைச் சேர்ந்த, ஸ்தேனில் இருக்கும் அல்பிரட் அண்ணை, இல்லை, தன்னுடைய தகப்பன் மரியதாஸ்தான் என்றார். மாஸ்ரர் இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். சிவகுரு அண்ணைக்குக் கோபம் தலைக்கேறியது. "பிள்ளையளை விட்டு என்ரை குடும்பத்தை விசாரிக்கிறீரோ? இப்பிடியெண்டால் உந்த வகுப்பே தேவையில்லை."

"விசாரணை இல்லை அண்ணை, அறியிற ஆசை. வகுப்பை நிப்பாட்டுறதெண்டால் மறுமொழி வந்தாப்பிறகு நிப்பாட்டுங்கோ" என்றார் மாஸ்ரர்.

அனுஷா என்ற மாணவி லெ பிளாங்-மெனில் என்ற இன்னொரு புறநகருக்குப் போனாள். சிவகுரு அண்ணையின் தாயார் அங்கேதான் இருக்கிறார். யார் முதல் என்று அவள் கேட்கவே இல்லை. தண்ணீரைத்தான் கேட்டாள். "மரியதாசண்ணை வீட்டுக் கிணத்திலை" என்றார் அந்த அம்மா. "காடு வெட்ட முதல் போனது எங்கடை அவர்தான். ஆனா கிழமை முடிய சைக்கிளிலை ஊருக்கு ஓடிவந்திடுவார். மரியதாசண்ணை பெண்சாதி பிள்ளையோடை போய் அடுப்பு மூட்டி, அங்கையே கிடந்தவர். நான் பிறகு போய் அவையின்ரை கிணத்திலைதான் முதல் வாளி அள்ளினனான். அந்தக் கிணத்தை வெட்டினதும் ரெண்டு பேரும் சேர்ந்துதான்."

எங்கள் ஆட்களுக்கே உரிய பிழை இது. ஒரு வீடு காட்டை வெட்டிய நாளிலிருந்து எண்ணியது. மற்ற வீடு அடுப்பு மூட்டிய நாளிலிருந்து எண்ணியது. இரண்டு வீடும் பொய் சொல்லவில்லை. மலரில் பிள்ளைகள் இரண்டையும் எழுதினார்கள், யார் சொல்லித் தெரியும் என்பதோடு.

சிவகுரு அண்ணை அன்றே தாயாரிடம் போனாராம். இது நான் பிறர் சொல்லிக் கேட்டது. "உந்தக் கிணத்துக் கதையை ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ ஒருநாளும் கேக்கேல்லையே."

வகுப்பை நிறுத்தும் பேச்சு அதோடு நின்றது. ஆனால் மாஸ்ரர் போனதும் அது வேறு வழியாக வந்தது. செத்தவீட்டில் சிவகுரு அண்ணை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இனி அந்த வகுப்பை ஆர் எடுக்கிறது, ரீச்சர்? விடத்தான் வேணும்போலை."

அடுத்த சனிக்கிழமை பெரிய வகுப்புக்கு விடுமுறை என்று அறிவித்திருந்தோம். போனால், எல்லோரும் வந்து இருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பத்தான் நான் வாயைத் திறந்தேன். அனுஷா முந்திவிட்டாள்.

"ரீச்சர், மாஸ்ரருக்குப் பாரிஸிலை முதல் நாள் தண்ணி எங்கையிருந்து வந்தது?"

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சிவகுரு அண்ணையைப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருடப் பழக்கத்தில், ஊரெல்லாம் கேள்வி கேட்ட மனிதரிடம் நாங்கள் ஒருவரும் அதைக் கேட்டதில்லை. 

அங்கிருந்தே மனோ அக்காவுக்கு எடுத்தேன். அனுஷாவின் கேள்வியைச் சொன்னேன். அக்கா சிரித்தார். மாஸ்ரர் போன பிறகு அவரிடம் நான் கேட்ட முதல் சிரிப்பு. "நான் பிறகுதானே வந்தனான். கண்டதில்லை, கேட்டதுதான். ரூ லூயி-பிளாங் தெருப் பக்கம், மேல்மாடியிலை ஒரு அறையாம். தண்ணிக்குழாய் அறைக்கு வெளியிலை, படியடியிலையாம். அவரோடை அந்த அறையிலை இருந்த ஒருத்தர் இப்ப ஸ்தேனிலை இருக்கிறார். அவரைக் கேளுங்கோ."

மாஸ்ரரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தத் தண்ணீர்க் கேள்வியை. அவருடைய வகுப்பையும் நானே வைத்துக்கொள்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஸ்தேனுக்குப் போகிறோம். சிவகுரு அண்ணையும் வருகிறார். முதல் கேள்வியைத் தானே கேட்க வேண்டுமாம்.